செத்த எலி நாத்தம்: ரூம் ஃப்ரெஷ்னர் வாங்குறதுக்கு முன்னாடி எலி கேக்கை தூக்கிப் போடுங்க

அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்களில் அடிக்கடி வந்து விழும் மெசேஜ் இது: "வீட்ல செத்த எலி நாத்தம், என்ன பண்றது?" அடுத்த நிமிடமே பதில்கள் குவியும். சாம்பிராணி போடுங்க, கற்பூரம் ஏத்துங்க, ரூம் ஃப்ரெஷ்னர் அடிங்க, எலுமிச்சம்பழத்தை நறுக்கி வைங்க. எல்லாமே நாத்தத்துக்கான வைத்தியம். அந்த எலி கை எட்டாத இடத்துக்குப் போய் ஏன் செத்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். நாலைந்து நாளைக்கு முன்னால் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் எலி கேக் வைத்திருப்பார்கள்.

கடையில் கிடைக்கும் எலி கேக்குகளில் பரவலாக இருப்பது புரோமடியோலோன் என்ற ரசாயனம். ரத்தம் உறைவதற்கு உடம்புக்கு வைட்டமின் கே தேவை. அந்த வேலையை இது முடக்கிவிடும். உள்ளுக்குள் ரத்தம் கசிந்து எலி சாகும். ஆனால் உடனே சாகாது, மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் வரை ஆகலாம். அது மருந்தின் குறை இல்லை, வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். எலி சந்தேகப் பேர்வழி. புது தீனியைக் கொஞ்சமாகக் கடித்துப் பார்க்கும், வயிற்றைப் பிடித்தால் மறுபடி அந்தப் பக்கமே வராது. அதனால்தான் மெதுவாகக் கொல்லும் விஷம்.

அந்த நாலைந்து நாளில் எலி என்ன செய்யும்? உடம்பு முடியாத எந்தப் பிராணியும் செய்வதைத்தான். பாதுகாப்பான மூலை தேடிப் போய்ப் படுத்துவிடும். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே, மாடுலர் கிச்சன் அலமாரிக்கு அடியில், பரணில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே. "இதைத் தின்னா தண்ணி தேடி வெளிய போய்ச் செத்துடும் சார்" என்பது கடைக்காரர் சொல்லும் கதை, அவ்வளவுதான். வீட்டுக்குள்ளேயே வளை வைத்திருக்கும் எலி, சாவதற்காக வாசல் கதவைத் தட்டிக்கொண்டு போகாது.

ஆக, நாத்தம் எதிர்பாராமல் வந்த விபத்து இல்லை. விஷம் வைத்தபோதே அதற்கும் சேர்த்து முன்பதிவு செய்தாகிவிட்டது.

முதலில் கேஸ் சிலிண்டரைப் பாருங்க

எலியைத் தேடும் முன் ஒரு விஷயத்தை உறுதி செய்துகொள்ள வேண்டும். சமையல் எரிவாயுவுக்கு இயல்பாக வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று எத்தில் மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்தைக் கலக்கிறார்கள். அழுகும் உடலிலிருந்து வெளியாகும் வாயுக்களிலும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை உண்டு. அமெரிக்காவில் எரிவாயுக் குழாய் கசிந்த இடங்களுக்கு மேலே, ஏதோ செத்துக் கிடக்கிறது என்று நம்பி பிணந்தின்னிக் கழுகுகள் வட்டமடித்ததுண்டு. கழுகே ஏமாறும்போது, ஞாயிற்றுக்கிழமை காலை தூக்கக் கலக்கத்தில் இருக்கும் மனிதர் ஏமாறுவதில் ஆச்சரியம் இல்லை.

அடுப்புப் பக்கம் நாத்தம் தூக்கலாக இருந்தால் ஸ்விட்ச் எதையும் தொடக் கூடாது, தீக்குச்சி கிழிக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906-க்கு போன் செய்ய வேண்டும். சாம்பிராணி யோசனை ஏன் ஆபத்து என்பது இப்போது புரியும்.

கண்டுபிடிப்பது எப்படி?

அழுகலின்போது புரதம் உடைந்து உருவாகும் இரண்டு சேர்மங்களுக்கு 1885-ல் பெர்லின் மருத்துவர் லுட்விக் பிரீகர் பெயர் வைத்தார்: புட்ரெசின், கடாவரின். கந்தக வாயுக்களும் சேர்ந்துகொண்டால் தெரிவதுதான் அந்த 'செத்த எலி' நாத்தம். மிகக் குறைந்த அளவிலேயே மூக்கு இதைப் பிடித்துவிடும். சிக்கல் என்னவென்றால், சில நிமிடங்களில் பழகியும் விடும். "இப்ப பரவாயில்ல, போயிடுச்சு" என்று தோன்றுவது பெரும்பாலும் மூக்கின் பொய்.

இதைச் சமாளிக்க ஒரு வழி இருக்கிறது. ஃபேன், ஏசியை நிறுத்திவிட்டு எல்லா அறைக் கதவுகளையும் அரை மணி நேரம் மூடி வைக்கணும். மொட்டை மாடிக்குப் போய் நல்ல காற்று வாங்கிவிட்டு வந்து, ஒவ்வொரு அறையாகத் திறக்கணும். முதல் மூச்சு சொல்வதுதான் சரி. அறை தெரிந்துவிட்டால் ஃப்ரிட்ஜின் கம்ப்ரசர் பக்கம், வாஷிங் மெஷின் அடிப்பக்கம், சோபாவின் அடித்துணி, பரண் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஏசி போட்டால் நாத்தம் கூடினால் ஏசியையும் திறந்து பார்க்கச் சொல்லலாம். திடீரென்று ஒரு மூலையில் பெரிய ஈக்களோ எறும்பு வரிசையோ தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

கிடைத்ததும் துடைப்பத்தை எடுக்கக் கூடாது. உலர்ந்த எச்சத்தைப் பெருக்கினால் தூசியோடு கிருமியும் கிளம்பும். எலிக்காய்ச்சல் பரவுவதே எலியின் சிறுநீர் வழியாகத்தான். கையுறை, மாஸ்க் போட்டு, பிளீச்சிங் பவுடர் கரைசலை நன்றாகத் தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, இரண்டு கவர்களில் கட்டி எடுக்க வேண்டும். அந்த இடத்தையும் அதே கரைசலால் துடைக்கலாம். ஆனால் பிளீச்சிங்கோடு வினிகரையோ டாய்லெட் க்ளீனர் ஆசிட்டையோ சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். எலி நாத்தமே தேவலை என்றாகிவிடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நிறைய வீடுகளில் இந்த வேலை, மாதச் சம்பளத்துக்குப் பாத்திரம் தேய்க்க வரும் அக்காவின் தலையில் விழுகிறது. "அக்கா, கொஞ்சம் பாத்து எடுத்துப் போட்டுடுங்க." கையுறை கூட இல்லாமல். அங்கிருந்து அந்தக் கவர், குப்பையைக் கையால் தரம் பிரிக்கும் தூய்மைப் பணியாளரிடம் போகிறது. குறைந்தபட்சம் தனியாகக் கட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று வாயால் சொல்லிக் கொடுக்கலாம். அதற்குக் காசு செலவில்லை.

எலி எட்டாத இடத்தில் இருந்தால்? காத்திருப்பதைத் தவிர பெரிய வழி இல்லை. சுண்டெலி என்றால் ஒரு வாரம் பத்து நாளில் காய்ந்துவிடும். பெரிய எலிக்கு இரண்டு மூன்று வாரம்கூட ஆகும். மழைக்காலத்தில் இன்னும் இழுக்கும். காற்றோட்டமும், கிண்ணங்களில் வைத்த ஆக்டிவேட்டட் கார்பனும் ஓரளவு உதவும். ரூம் ஃப்ரெஷ்னர் அடித்தால் 'மல்லிகைப்பூ வைத்த செத்த எலி' கிடைக்கும்.

விஷம் எதுக்கு?

நாத்தம் சகிக்க முடியாததுதான், ஆனால் அது மூன்று வாரத்தில் போய்விடும். 2024 நவம்பரில் சென்னை குன்றத்தூரில், எலி மருந்து வைக்கப்பட்ட வீட்டில் இரண்டு குழந்தைகள் உயிரிழந்தனர், பெற்றோர் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டனர். கல்லீரலைச் சிதைக்கும் மஞ்சள் பாஸ்பரஸ் பேஸ்ட்டுக்கு மாற்று மருந்தே கிடையாது. கேக் வகை விஷத்துக்கு வைட்டமின் கே இருக்கிறது, ஆனால் குழந்தை தின்றது தெரிந்தால்தானே கொடுக்க முடியும்? ஓர் எலிக்காக வீட்டுக்குள் வைக்கிற பொருளா இது?

பழைய மரப்பொறியும் கம்பிக் கூண்டும் இன்னமும் ஹார்டுவேர் கடைகளில் தொங்குகின்றன. பொறியில் அடிபட்ட எலி பொறியிலேயே கிடக்கும், தேட வேண்டியதில்லை. எலி சுவரை உரசியபடியே ஓடும் என்பதால், பொறியை நடு ஹாலில் வைக்காமல் சுவரோரமாக வைக்க வேண்டும். மசால் வடை வைக்கலாம், கருவாடும் வேலை செய்யும். ஒட்டு அட்டை வேண்டாம். பசியிலும் பயத்திலும் எலி மணிக்கணக்கில் துடித்துச் சாகும். பல மாநிலங்கள் அதைத் தடை செய்தும் விட்டன. கூண்டில் பிடித்து அடுத்த தெருவில் விடுவதும் பிரச்சினையைப் பக்கத்து வீட்டுக்குப் பார்சல் அனுப்புவதுதான்.

அதைவிட முக்கியம் ஓட்டை. பென்சில் நுழையும் இடைவெளியில் சுண்டெலி நுழைந்துவிடும். ஏசி குழாய் வரும் துளை, சிங்க் பைப் தரைக்குள் போகும் இடம், பாத்ரூம் ஜாலி. பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரைத் திணித்து மேலே சிமென்ட் பூசினால் எலியால் கடிக்க முடியாது. வாடகை வீடு என்றால், சுவர் விரிசல் போன்ற கட்டுமானப் பழுது வீட்டு உரிமையாளர் பொறுப்பு. "எலி வளையானாலும் தனி வளை" என்று அட்வான்ஸ் கட்டிக் குடி வந்தவர், ஓட்டையை போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்பலாம். எலி செத்த பிறகு அனுப்புவதைவிட, எச்சம் தெரிந்த முதல் நாளே அனுப்புவது நல்லது.