குளிரை அடைத்தால் போதுமா?

வட அமெரிக்காவில் காருக்குப் பின்னே ட்ரெயிலர் வீட்டை இழுத்துச் சென்று, உறைபனியிலும் முகாமிடுவோர் உண்டு. சிலருக்கு அது விடுமுறைக் களிப்பு. வாடகை கொடுக்க வழியற்ற வேறு சிலருக்கோ அதுவே வீடு. இவ்விரு சாராரும் குளிருக்கு அஞ்சி, காற்றுத் துவாரங்களை எல்லாம் அடைத்துவிடுவதுதான் எனக்குக் கவலை தருகிறது.

புரொப்பேன் வாயு பூச்சியத்துக்குக் கீழே சுமார் 42 பாகை செல்சியஸ் வரை ஆவியாகும். ஆதலால் கடுங்குளிரிலும் அடுப்பு எரியும். எரியும் அடுப்பு நீராவியை வெளியிடும். அடைத்த வண்டிக்குள் அது சுவர்களில் படிந்து வழியும், மரத்தை உக்கச் செய்யும். இது பொருள் நட்டம் மட்டுமே. ஒட்சிசன் குறைந்து வாயு அரைகுறையாக எரிந்தால் காபன் மொனொக்சைட் உருவாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குபவரை உறக்கத்திலேயே கொன்றுவிடும்.

புகையை வெளியே தள்ளும் வெப்பமூட்டி இருக்கையில் சமையல் அடுப்பால் அறையைச் சூடாக்குவது சிக்கனமல்ல, விபரீதம். தடித்த போர்வை வாங்குமுன் இவ்வாயுவைக் கண்டறியும் எச்சரிக்கைக் கருவியை வாங்குங்கள். சன்னலையும் இரு விரலளவு திறந்து வையுங்கள். சற்றுக் குளிரத்தான் செய்யும். ஆனால் விடிந்ததும் எழுந்திருப்பீர்கள்.