ஒரே பெயர், இரண்டு கார்டு: 8600எம் ஜிடி புராணம்

லேப்டாப்பில் கேம் ஆடுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கிராபிக்ஸ் கார்டு பெயர் என்ன, எத்தனை எம்பி என்று கேட்பார்கள். அத்தோடு விசாரணை முடிந்தது. மாப்பிள்ளையின் ஊரையும் சம்பளத்தையும் மட்டும் கேட்டுவிட்டுப் பெண் கொடுக்கிற மாதிரி. இந்தப் பழக்கத்தை நம்பியே கம்பெனிகள் எப்படிக் கல்லா கட்டின என்பதற்கு 2007-இல் வந்த என்விடியா ஜீஃபோர்ஸ் 8600எம் ஜிடி மாதிரி ஓர் உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

அந்த வருடம் நடுத்தர விலை லேப்டாப்களில் கேம் ஆட ஆசைப்பட்டவர்களுக்கு இந்தக் கார்டுதான் கனவு. 32 ஷேடர் புராசசர்கள், 475 மெகாஹெர்ட்ஸ் வேகம், டைரக்ட்எக்ஸ் 10 வசதி. அதற்குக் கீழே இருந்த லேப்டாப்களில் இன்டெலின் உள்ளமைந்த கிராபிக்ஸ்தான். அதை வைத்துக்கொண்டு புது கேம் எதையும் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

இப்போது மேட்டருக்கு வரலாம். 8600எம் ஜிடி என்ற ஒரே பெயரில் விற்றது இரண்டு கார்டு. ஒன்றில் டிடிஆர்2 மெமரி, இன்னொன்றில் ஜிடிடிஆர்3 மெமரி. சிப் ஒன்றுதான், 128 பிட் பாதையும் ஒன்றுதான். ஆனால் அந்தப் பாதையில் ஓடுகிற வண்டி வேறு. டிடிஆர்2 வகை வினாடிக்கு 12.8 ஜிபி அளவுக்குத் தகவலைக் கொண்டுவந்து கொட்டும். ஜிடிடிஆர்3 வகை 22.4 ஜிபி. முக்கால் மடங்கு அதிகம்! இது ஏதோ பத்து பைசா வித்தியாசம் இல்லை.

மெமரி வேகம் அவ்வளவு முக்கியமா என்று கேட்கலாம். சமையல்கட்டை நினைத்துக்கொண்டால் போதும். 32 பேர் அடுப்படியில் நிற்கிறார்கள். காய்கறி வந்துகொண்டே இருந்தால்தான் அவர்களுக்கு வேலை. வராவிட்டால் 32 பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். சுவரில், தரையில், முகத்தில் ஒட்டப்படும் டெக்ஸ்சர், நிழல், ஒவ்வொரு பிக்சலின் நிறமும் ஆழமும் எல்லாமே மெமரிக்குப் போய்த்தான் வர வேண்டும். ஆன்டி-அலையாசிங் போட்டால் போக்குவரத்து இன்னும் ஏறும். டிடிஆர்2 கார்டு முதலில் மூச்சு வாங்குவது இந்த இடத்தில்தான். அதனால்தான் அந்தக் கார்டின் சிப்பை ஓவர்கிளாக் செய்து பார்த்தவர்களுக்குப் பெரிய பலன் கிடைக்கவில்லை. சமையல்காரரை விரட்டி என்ன பிரயோஜனம், காய்கறி வண்டியே வராதபோது!

ஸ்கிரீன் சின்னதாக இருந்தால் இந்த வித்தியாசம் கொஞ்சம் குறையும். 1280x800 ஸ்கிரீனில் சுமார் 10 லட்சம் பிக்சல். 1680x1050 என்றால் 17 லட்சத்துக்கும் மேல். அதே டிடிஆர்2 கார்டைப் பெரிய ஸ்கிரீன் லேப்டாப்பில் வைத்து விற்றார்கள் என்றால் அது ஆடுகிறவருக்கு டபுள் ஆப்பு.

இதில் உச்சகட்ட கூத்து, எம்பி கணக்கு. டிடிஆர்2 மலிவு, ஆகவே தாராளமாக 512 எம்பி போட முடியும். ஜிடிடிஆர்3 விலை அதிகம், ஆகவே 256 எம்பி. கடையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டையும் வைத்தால் பெரும்பாலானவர்கள் 512 எம்பியைத்தான் தூக்குவார்கள். பெரிய தொட்டி, ஆனால் மெல்லிய குழாய். போதாக்குறைக்கு டர்போகேஷ் என்று ஒன்று. கம்ப்யூட்டரின் சாதாரண ராமிலிருந்து கடன் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அது. அந்தக் கடனையும் சேர்த்து மொத்தக் கூட்டலைப் பெரிய எழுத்தில் போட்ட விளம்பரங்களும் உண்டு. கடன் வாங்கிய நகையைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போவது இதைவிடக் கௌரவமான வேலை.

ஒரே கம்பெனிக்குள்ளேயே இந்த இரண்டும் நடந்தது. டெல் இன்ஸ்பிரான் 1520-இல் வந்த 8600எம் ஜிடி டிடிஆர்2 வகை. எக்ஸ்பிஎஸ் எம்1530-இல் வந்தது ஜிடிடிஆர்3. சாதாரணமாக வாங்க வருகிறவருக்கு இரண்டிலும் தெரிந்தது ஒரே பெயர்.

மலிவான வகை வந்ததே தப்பு என்று சொல்ல முடியாது. டிடிஆர்2 இருந்ததால்தான் பல மாணவர்களின் பட்ஜெட்டுக்குள் உருப்படியான ஒரு கார்டு வந்தது. சான் ஆண்ட்ரியாஸ், ஹாஃப் லைஃப் 2, கவுன்டர் ஸ்டிரைக் சோர்ஸ் எல்லாம் அதில் ஜம்மென்று ஓடின. 2007 நவம்பரில் வந்த கிரைசிஸ் மட்டும் இரண்டு வகையையுமே மண்டியிட வைத்தது (அது டெஸ்க்டாப் கார்டுகளையே அழ வைத்த கேம், பாவம் லேப்டாப் என்ன செய்யும்). மலிவாக விற்கட்டும், ஆனால் வேறு பெயர் வைத்து விற்கட்டும். பெயரில் ஒரே ஓர் எழுத்து மாற்றுவதற்கு என்ன செலவு ஆகிவிடப்போகிறது? மாற்றினால் விலை குறைவான கார்டு விலை குறைவான கார்டாகவே தெரிந்துவிடும், அதுதானே பிரச்சினை.

இந்தக் கார்டுக்கு இன்னொரு சாபமும் உண்டு. 2008 ஜூலையில், லேப்டாப் சிப்கள் சிலவற்றில் பயன்படுத்திய பொருள் பலவீனமாக இருப்பதாகச் சொல்லி, பழுதுச் செலவுக்கு 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக என்விடியா அறிவித்தது. சூடாகி ஆறி, சூடாகி ஆறி, உள்ளே இணைப்புப் புள்ளிகள் விரிசல் விடும். டெல் உடனே பயாஸ் அப்டேட் கொடுத்து ஃபேனை அதிக நேரம் ஓட வைத்தது. மேக்புக் புரோவுக்குப் பாதிப்பில்லை என்று ஆப்பிளிடம் என்விடியா உறுதி சொல்லியிருந்தது. ஆப்பிள் தானே ஆராய்ந்து பார்த்துவிட்டு, 8600எம் ஜிடி உள்ள சில மேக்புக் புரோக்களிலும் இதே பிரச்சினை இருக்கலாம் என்று அக்டோபர் 2008-இல் ஒப்புக்கொண்டு இலவசப் பழுது பார்ப்பை அறிவித்தது. கேம் ஆடத்தான் இந்தக் கார்டை வாங்குவார்கள், கேம் ஆடினால்தான் நன்றாகச் சூடாகும். என்ன பொருத்தம்!

இது பழைய கதை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2016-இல் வந்த 940எம்எக்ஸ் இதே மாதிரி டிடிஆர்3, ஜிடிடிஆர்5 என்று இரண்டு வகையில் வந்தது. 2018-இல் எம்எக்ஸ்150 என்ற பெயரில் 25 வாட் கார்டும், அதைவிட மெதுவான 10 வாட் கார்டும் விற்பது வெளிச்சத்துக்கு வந்தது. 2021-இல் வந்த லேப்டாப் ஆர்டிஎக்ஸ் 3070, கம்பெனியைப் பொறுத்து 80 வாட் முதல் 125 வாட் வரை எதுவாகவும் இருக்கலாம். மெமரி போய் வாட் வந்தது, அவ்வளவுதான். அந்த வருடம் எழுந்த கூச்சலுக்குப் பிறகுதான் வாட் அளவை வெளியில் சொல்லும்படி லேப்டாப் கம்பெனிகளிடம் என்விடியா கேட்டுக்கொண்டது.

பழைய 8600எம் ஜிடி லேப்டாப் யார் கையிலாவது இன்னும் உயிரோடு இருந்தால், ஜிபியு-இசட் என்ற இலவச சாப்ட்வேரை ஓட்டிப் பார்த்தால் மெமரி வகையையும் பேண்ட்வித்தையும் காட்டிவிடும். 12.8 பக்கம் ஏதாவது வந்தால் ஆன்டி-அலையாசிங்கை அணைத்துவிட்டு, ரெசல்யூஷனை ஒரு படி இறக்கி, நிழலைக் குறைத்து ஆட வேண்டியதுதான். டிரைவர் விஷயத்தில் 2016 டிசம்பரில் வந்த 342.01-தான் கடைசி. அதற்கு மேல் தேட வேண்டாம். ஃபேனில் தூசி இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துவிடுவது நல்லது.