யேனாவிலிருந்து வந்த கண்

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து ஆலங்காயம் போகும் மலைச்சாலையில் காவலூர் வருகிறது. அங்குள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில் 1 மீட்டர் விட்டமுள்ள ஆடி பொருத்திய தொலைநோக்கி ஒன்று 1972 முதல் இருக்கிறது. செய்து அனுப்பியது அன்றைய கிழக்கு ஜெர்மனியின் யேனா நகரத்து கார்ல் ஜைஸ் ஆலை. வந்த வருடமே வியாழனின் துணைக்கோளான கானிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் இருப்பதற்கான தடயம் அதில் கிடைத்தது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று 1977 மார்ச் 10 அன்று உலகம் கண்டுகொண்டபோது, காவலூர் ஜைஸும் அதற்குச் சாட்சி.

அதே ஆலையின் இன்னொரு சரக்கு இரண்டாம் உலகப் போர்ப் புகைப்படங்களில் இருக்கிறது. ஜெர்மானியரின் 88 மி.மீ. விமான எதிர்ப்புப் பீரங்கிப் படம் எதையாவது எடுத்துப் பாருங்கள். கண் முதலில் குழலுக்குத்தான் போகும். அதில் வெள்ளை வளையங்கள் தீட்டியிருப்பார்கள். வளையத்துக்கு ஒரு விமானம் வீழ்ந்தது என்று கணக்கு. சற்று ஒதுங்கினாற்போல், கிடையாக நீண்ட ஒரு குழாயைச் சுற்றிச் சிலர் குனிந்து நிற்பார்கள். 4 மீட்டர் நீளத் தொலைவுமானி அது. இரு முனைகளிலும் ஜைஸ் கண்ணாடிகள்.

வேலையெல்லாம் அங்கேதான். 6,000 மீட்டர் உயரத்துக்குக் குண்டு போய்ச் சேர பத்து விநாடிக்கு மேல் ஆகும். அதற்குள் விமானம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நகர்ந்திருக்கும். சாமைக் கொல்லையில் பறக்கிற கிளிமேல் கவண்கல் விட்டவருக்கு இந்தச் சங்கடம் புரியும். கிளி இருக்கிற இடத்துக்கு எறிந்தால் கல் வெறும் காற்றில்தான் போகும். விமானம் எங்கே இருக்கப்போகிறது என்பதைத் தொலைவுமானியோடு சேர்ந்த கணக்குப்பொறி பல்சக்கரங்களைச் சுழற்றிச் சொல்லும். குண்டு எத்தனை விநாடியில் வெடிக்க வேண்டும் என்பதையும் சுடுமுன்பே அதில் திருகி வைத்தாக வேண்டும். இத்தனை சாமர்த்தியம் இருந்தும், பழைய 88 பீரங்கிகளால் ஒரு விமானத்தை வீழ்த்த 1944இல் சராசரியாக 16,000 குண்டுகள் செலவாயின என்பது வரலாற்றாளர்கள் எடுத்துக்காட்டும் கணக்கு. வெள்ளை வளையங்களைப் பார்க்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அந்தப் படங்களில் பெரும்பாலானவை ராணுவத்தின் பிரசாரப் பிரிவுக்காரர்கள் எடுத்தவை. அதனால்தான் எல்லாரும் நிமிர்ந்து, பொத்தான் போட்டு, வானத்தைப் பார்க்கிறார்கள். 1943 பிப்ரவரியிலிருந்து அந்தப் பீரங்கிகளுக்குப் பள்ளிப் பையன்களைக் கொண்டுவந்தார்கள். பதினைந்து, பதினாறு வயது. வாத்தியார்கள் பீரங்கி முகாமுக்கே வந்து பாடம் நடத்தினார்கள். இரவில் அபாயச் சங்கு ஊதினால் பையன்கள் தொலைவுமானிக்கு ஓட வேண்டும். பின்னாளில் போப் பதினாறாம் பெனடிக்ட் ஆன யோசப் ராட்சிங்கர், 1943இல் மியூனிக் பக்கம் அப்படி நின்ற பதினாறு வயதுப் பையன். எழுத்தாளர் குந்தர் கிராஸும் அப்படிப் போன பள்ளிப் பையன்தான். கனத்த குண்டுகளைத் தூக்கிக் கொடுக்கப் பல இடங்களில் சோவியத் போர்க் கைதிகள் இருந்தார்கள். அவர்களைப் படத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அருங்காட்சியகங்கள் மேல் எனக்கு மனத்தாங்கல் இதில்தான். பல இடங்களில் 88 நிற்கிறது, புதுப் பெயின்ட் பளபளக்க. நாமும் குழலடியில் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். பையனும் கைதியும் பக்கத்துப் பலகையில் இரண்டு வரியோடு சரி.

இது ஏதோ அந்நியர் கதை என்றும் தள்ளிவிட முடியாது. 1941 ஜூனில் எகிப்தின் ஹல்ஃபாயா கணவாயில் இதே 88இன் குழல்களைத் தரைமட்டத்துக்குத் தாழ்த்திச் சுட்டு, பிரிட்டிஷ் மாட்டில்டா டாங்கிகளை ஜெர்மானியர் நொறுக்கினார்கள். அந்த டாங்கிகளோடு முன்னேறியவர்கள் 4ஆம் இந்திய டிவிஷனின் சிப்பாய்கள்.

ஜைஸ் ஆலையையும் போர் சும்மா விடவில்லை. ஆயிரக்கணக்கான அயல்நாட்டவரைக் கட்டாய வேலை வாங்கிய ஆலை அது. 1945இல் அமெரிக்கர்கள் அதன் நிபுணர்கள் பலரை மேற்கே அழைத்துப் போனார்கள். மறுவருடம் சோவியத் படை மிச்சமிருந்த இயந்திரங்களைக் கழற்றி ரயிலேற்றியது. வெறுங்கூடாக நின்ற அந்த ஆலை மறுபடி எழுந்துதான் ஜவ்வாது மலைக்குத் தொலைநோக்கி செய்து அனுப்பியது. ஆலையின் பாவத்தை இந்தத் தொலைநோக்கி கழுவிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். கண்ணாடி தேய்க்கிறவனுக்கு யார் கூலி கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அவன் கண்ணாடி குண்டுவீச்சு விமானத்தையும் பார்க்கும், யுரேனஸையும் பார்க்கும்.

ஜவ்வாது மலைக் கோடை விழாவுக்கு வருகிறவர்கள் பீமன் நீர்வீழ்ச்சியையும் கோமுட்டேரிப் படகையும் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். அடுத்த முறை ஜனவரி முதல் ஏப்ரலுக்குள், வானம் தெளிந்திருக்கும் நாளாகப் பார்த்து, பொதுமக்களை எப்போது அனுமதிக்கிறார்கள் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு காவலூருக்கும் ஒரு நடை போய் வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். இந்த ஜைஸ் எங்கிருந்து வந்தது, அந்த ஆலை அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தது என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள்.