மலத்தைப் பார்த்த பிறகு மாத்திரை

மூன்று மாதத்துக்கு ஒரு முறை பூச்சி மாத்திரை. நாய் வளர்க்கும் பல வீடுகளில் இது மாறாத நியதி. மருந்துக் கடைகளில் நாயின் எடையைக்கூடக் கேட்காமல் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். வயிற்றில் புழு இருக்கிறதா, இருந்தால் எந்தப் புழு என்று பார்ப்பவர்கள் குறைவு. வளர்ந்த நாய்களைப் பொறுத்தவரை இந்தப் பழக்கம் மாறியாக வேண்டும்.

குட்டிகளுக்கு இது பொருந்தாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். டாக்சோகாரா என்னும் உருண்டைப்புழு, தாயின் வயிற்றில் இருக்கும்போதே குட்டிக்குள் புகுந்துவிடும். கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் தாய்ப்பாலில் வரும். அவை ரத்தம் குடிப்பவை. மலத்தில் முட்டை தென்படுவதற்கு முன்பே குட்டி ரத்தம் வற்றி இறந்துபோகலாம். ஆகவே பிறந்த இரண்டாவது வாரம் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பரிசோதனைக்குக் காத்திராமல் மருந்து கொடுக்க வேண்டும். பாலூட்டும் தாய்க்கும் அப்படியே.

வளர்ந்த நாய்க்கு எந்தப் புழு என்று தெரியாமல் மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. பைரன்டல் உருண்டைப்புழுவையும் கொக்கிப்புழுவையும் வெளியேற்றும். நாடாப்புழுவை ஒன்றும் செய்யாது. அதற்குப் பிராசிகுவான்டல் வேண்டும். எல்லா மருந்தும் சேர்ந்த ஒரே மாத்திரைதான் கிடைக்கிறதே என்று கேட்கலாம். கிடைக்கிறது. இல்லாத புழுவுக்கும் சேர்த்து, ஆண்டுக்கணக்கில், அதே மருந்துகளை உள்ளே தள்ளிக்கொண்டே இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் கிரேஹவுண்ட் பந்தய நாய்களே சாட்சி.

அந்த நாய்களை மணல் தரைக் கூடங்களில் கூட்டமாக அடைத்து வளர்த்தார்கள். கொக்கிப்புழுவின் இளம்புழு செழிக்க ஈரமணலைவிட நல்ல இடம் இல்லை. புழு ஓயவில்லை, மருந்தும் ஓயவில்லை. ஒவ்வொரு முறையும் மருந்துக்குத் தப்பிய புழுக்களே பெருகின. அமெரிக்காவில் நாய்களின் கொக்கிப்புழுவுக்கு அனுமதிக்கப்பட்ட மூன்று மருந்து வகைகளையுமே தாங்கி நிற்கும் புழுக்களை 2019இல் ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். 2018இல் ஃபுளோரிடா மக்கள் நாய்ப் பந்தயத்தைத் தடை செய்ய வாக்களித்தார்கள். ஓய்வுபெற்ற நாய்கள் வீடுகளுக்குத் தத்துப் போயின. அவற்றோடு அந்தப் புழுக்களும் போயின. தமிழ்நாட்டுச் செம்மறிப் பண்ணைகளிலும் இரைப்பைப் புழு ஃபென்பென்டசோலுக்கு மசியாமல் போனதை நம் கால்நடை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆட்டுக்கு நேர்ந்தது நாய்க்கு நேராது என்று நம்பியிருக்க எந்தக் காரணமும் இல்லை.

பரிசோதனை பெரிய வித்தையல்ல. ஒரு சிறு கரண்டி அளவு மலத்தை அடர்ந்த உப்புக் கரைசலில் கலக்கி வடிகட்டிச் சுழற்றினால், எடை குறைந்த முட்டைகள் மேலே மிதந்து வரும். நுண்ணோக்கியில் பார்த்து இனம் பிரிக்கலாம். மலம் அன்றையதாக இருக்க வேண்டும். நம் வெயிலில் கொக்கிப்புழு முட்டை ஓரிரு நாளில் பொரிந்துவிடும். மண்ணோடு சேர்த்து அள்ளினால் மண்ணில் வாழும் புழுக்களும் கூடவே வந்து குழப்பும்.

இந்தப் பரிசோதனையின் கண்ணுக்கும் சில தப்பும். சாட்டைப்புழு விட்டுவிட்டுத்தான் முட்டையிடும். முதிராத புழு முட்டையே இடாது. நாடாப்புழுவின் துண்டுகள் அரிசி மணிபோல் ஆசனவாயைச் சுற்றி ஒட்டியிருக்க, மிதவைப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வரக்கூடும். கண்ணால் கண்டதை மருத்துவரிடம் சொல்வதும் பரிசோதனையின் ஒரு பகுதிதான். ஒரு முறை முட்டை இல்லை என்றதும் நிம்மதியாகிவிடக் கூடாது. சில வாரம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். இதயப்புழுவை மலத்தில் தேடிப் பயனில்லை, அதற்கு ரத்தப் பரிசோதனை. ரத்தத்தில் அதன் நுண்புழுக்கள் மிகுந்திருப்பது தெரியாமல் மருந்து கொடுத்தால், அவை மொத்தமாக மடிந்து நாய் அதிர்ச்சி நிலைக்குப் போய்விடலாம்.

வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறது, நாயும் தெருவில் சுற்றிவிட்டு வருகிறது, அருகில் ஆய்வக வசதி இல்லை என்றால் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மருந்து கொடுப்பதே சரி. டாக்சோகாரா குழந்தையின் கண் பார்வையைப் பறிக்கக்கூடியது. முதலில் இலங்கையில் கண்டு விவரிக்கப்பட்ட அன்கைலோஸ்டோமா சிலானிக்கம் என்ற கொக்கிப்புழு, நாயிடமிருந்து வந்து மனிதக் குடலிலும் முழுதாக வளரும். எனவே, பரிசோதனை இல்லை என்பதைச் சாக்காக வைத்து மருந்தை நிறுத்துவதை நான் ஏற்கமாட்டேன். உப்பும் குழாயும் நுண்ணோக்கியும் போதும் என்ற இந்தச் சோதனை, ஒவ்வொரு அரசு கால்நடை மருந்தகத்திலும் அன்றாடம் நடக்க வேண்டும் என்றே கேட்கிறேன்.

மருந்து கொடுத்த பிறகு 10 முதல் 14 நாளுக்குள் இன்னொரு முறை பார்க்க வேண்டும். முட்டை எண்ணிக்கை விழவில்லையென்றால் உடனே மருந்தைப் பழிக்க வேண்டியதில்லை: எடைக்கேற்ற அளவு போயிருக்காது, அல்லது நாய் மாத்திரையைத் துப்பியிருக்கும். தசையில் உறங்கும் கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் குடலுக்குத் திரும்பி, சில வாரம் கழித்து மீண்டும் முட்டையிடுவதும் உண்டு. இவற்றையெல்லாம் தள்ளிய பிறகும் முட்டை குறையாவிட்டால்தான் மருந்து தோற்றது என்று பொருள். முதல் நாள் மருந்துச் சீட்டிலேயே இரண்டாவது மலப் பரிசோதனைக்கான தேதியையும் மருத்துவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும்.