மலிவு என்ற பொய்க்கணக்கு

மலேசியாவின் மேருவில் எங்கள் தாமான் குடியிருப்பின் கூட்டத்தில் நண்பர் ஒருவர் வைத்த வாதம் இப்போது வீட்டுக்கு வீடு பரவிவிட்டது. சோலார் மின்சாரத்தைச் சேமிக்க ஈய அமில பேட்டரியே போதுமாம். லித்தியம் தீப்பிடிக்குமாம், விலையும் இரு மடங்காம். ஈய பேட்டரிகளை மாடிப்படிக்குக் கீழே அடுக்கிவிட்டால் வேலை முடிந்ததாம். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு முன்பணம் கட்டத் தயாராகிறார்கள். அதனால்தான் இதைக் கடுமையாகவே எழுதுகிறேன்.

தீப் பயத்துக்கு அவர் காட்டியது கலிபோர்னியாவின் மோஸ் லேண்டிங்கில் 2025 ஜனவரி 16 அன்று மூண்ட தீயின் காணொளி. அங்கே எரிந்தவை நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த லித்தியம் பேட்டரிகள். வீடுகளுக்கு இன்று பெரும்பாலும் விற்கப்படுவதோ லித்தியம் இரும்பு பாஸ்பேட். அதில் ஆக்சிஜன் பாஸ்பரசோடு இறுகப் பிணைந்திருப்பதால் சூடேறினாலும் எளிதில் விடுபட்டுத் தீக்குத் தீனியாகாது. எரியவே எரியாது என்று நான் சொல்லவில்லை; அரைகுறையாகப் பொருத்தினால் எதுவும் ஆபத்துதான். ஆனால் இரண்டிலும் லித்தியம் என்ற பெயர் இருப்பதாலேயே இரண்டையும் ஒன்றாக்கி மக்களை மிரட்டுவது பொறுப்பற்ற பேச்சு. இந்த வகை வேதியியலுக்கு 1980களிலேயே ஜான் குட்இனஃபுடன் சேர்ந்து அடித்தளமிட்டவர் தமிழ்நாட்டில் பிறந்த ஆறுமுகம் மந்திரம். குட்இனஃபின் நோபல் உரையை 2019இல் அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் ஆற்றியவரும் மந்திரம்தான். தமிழர் கூட்டத்தில் பேசியவர் அதையாவது தேடிப் படித்திருக்கலாம்.

அடுத்தது விலை. ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் அதன் ஆயுள் சரியும். ஆக 10 யூனிட் வேண்டுமென்றால் 20 யூனிட்டுக்கு வாங்க வேண்டும். அவர் சொன்ன பாதி விலை அங்கேயே கரைந்துவிட்டது. அப்படிப் பாதியோடு நிறுத்தினாலும் ஆயிரம் சார்ஜ் சுற்றை ஒட்டி அது தளர்ந்துவிடும். இரும்பு பாஸ்பேட் பல ஆயிரம் சுற்றுகள் தாங்கும்.

மின் கட்டணத்தை அவர் தொடவே இல்லை. 2025 ஜூலை முதல் மாதம் 1,500 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீட்டுக்கு மின்சாரம் 27.03 சென், கொள்ளளவு 4.55, கம்பி வலையமைப்பு 12.85; ஆக யூனிட்டுக்கு 44.43 சென். கூரைச் சோலாருக்கான சோலார் அதாப் திட்டத்தில் உபரியை மின் நிறுவனமான டிஎன்பிக்கு அனுப்பினால் மின்சாரத்துக்கான அந்த 27.03 மட்டுமே பில்லில் கழியும்; மிஞ்சிய வரவு அடுத்த மாதத்துக்கு வராது. சேமித்து இரவில் பயன்படுத்துவதன் லாபம் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. ஈய பேட்டரி தன்னுள் ஏற்றிய மின்சாரத்தில் ஏறத்தாழ 80 விழுக்காட்டைத்தான் திருப்பித் தரும்: 35.5 சென். அனுப்பியிருந்தாலே 27 கிடைத்திருக்கும். மிச்சம் எட்டரை சென். இரும்பு பாஸ்பேட் 90 விழுக்காடு தந்தாலும் மிச்சம் 13 சென்னை நெருங்கும். சில ஆண்டுகளில் செத்துப்போகும் பேட்டரி, எட்டரை சென்னாகச் சேர்த்துத் தன் விலையை எப்போது மீட்கும்? இதற்கு அவரிடம் பதில் இல்லை.

நம் வெயிலையும் அவர் மறந்தார். 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் ஈய பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். படிக்கட்டை விட்டு வெளியே வைக்கலாம் என்றால், துத்தநாகக் கூரை போட்ட போர்ச்சில் பிற்பகல் எவ்வளவு கொதிக்கும் என்று மேருவில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

என்னை உண்மையில் கொதிக்க வைத்தது மாடிப்படி யோசனை. தண்ணீர் ஊற்றும் ஈய பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜனை வெளிவிடும். காற்றில் அது 4 விழுக்காடு சேர்ந்தாலே ஒரு பொறி போதும், வெடிக்கும். தீயைக் காட்டிப் பயமுறுத்திய அதே மனிதர், காற்றே புகாத அறைக்குள், குழந்தைகள் ஏறி இறங்கும் படிக்கட்டின் அடியில் அதை வைக்கச் சொல்கிறார். கந்தக அமிலம் கசிந்தால் என்ன செய்வது என்பது பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடுத்த கூட்டத்தில் எழுந்து இந்த ஆலோசனையை அவர் திரும்பப் பெற வேண்டும். அதற்கு முன் யாரும் முன்பணம் கட்ட வேண்டாம்.