பாதி வண்டி வாங்கலாமா?



சென்ற மாதம் பள்ளி முடிந்து வீடு திரும்பும்போது என் பழைய மாணவர் ஒருவர் வழிமறித்தார். லோரிப் பட்டறையில் வேலை பார்ப்பவர். "சார், காலமான கிராணியார் வீட்டுக் கொட்டகையில் கிடக்கிற மோரிஸ் மைனரை 4,000 வெள்ளிக்குத் தருகிறார்களாம். வந்து பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

வாத்தியாருக்கும் மோட்டாருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். என் தகப்பனார் அதே ரக வண்டியைப் பல காலம் வைத்திருந்தார். அதை ஓட்டியதைவிட அதன் அடியில் படுத்துக் கிடந்த நேரமே அதிகம். பக்கத்தில் குந்தி டார்ச் விளக்குப் பிடித்தவன் நான். அந்த அனுபவம்தான் என் தகுதி.

1948-இல் இங்கிலாந்தில் வெளிவந்த வண்டி அது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். செய்து பார்த்த மாதிரி வண்டி ஒடுங்கலாகத் தெரிந்ததால் அதை நெடுக்காக இரண்டாக அறுத்து, நடுவில் 4 அங்குலம் கூட்டினார். பானட்டின் நடுவே மேடாக ஓடும் பட்டை அந்த 4 அங்குலத்தின் அடையாளம். 1971 வரை பதினாறு லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். நம் தோட்டங்களில் கிராணியாரும் டிரஸ்ஸரும் அதில் போவதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்கள் இதைப் படிப்பவர்களிலும் இருப்பீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். கொட்டகைக்குள் கோழி எச்சத்தின் நடுவே நின்றது. முன் ஆசனங்கள் இல்லை. கியர் பெட்டி இல்லை. ஒரு பக்கக் கதவு சுவரோடு சாய்ந்திருந்தது. யாரோ ஆசையாகப் பிரித்துப்போட்டுப் பாதியில் கைவிட்ட வேலை. மூன்று பிஸ்கட் டின் நிறைய போல்ட்டும் நட்டும் இருந்தன. தம்பி அதைப் பார்த்து மகிழ்ந்தார், எனக்கோ கலக்கம். தன் கையால் பிரித்தவனுக்கு எந்த ஆணி எங்கே என்று தெரியும். இன்னொருவர் பிரித்ததைப் பூட்டுகிறவன் முதலில் எது காணவில்லை என்று கண்டுபிடிக்கவே மாதக்கணக்கில் அலைய வேண்டும்.

"எஞ்சின் இருக்கிறது சார், சுற்றுகிறது" என்றார் தம்பி. பலரும் ஏமாறும் இடம் இதுதான். இந்த வண்டிக்கு எஞ்சின் பெரிய காரியமில்லை. 1952 முதல் இதில் வந்த எஞ்சின் வகைதான் மினி காரிலும் 2000-ஆம் ஆண்டு வரை ஓடியது. தேடினால் கிடைக்கும். தேடினாலும் கிடைக்காதது நல்ல அடித்தகடு. மோரிஸ் மைனருக்குத் தனிச் சேசி கிடையாது. தரைத் தகடும் அதோடு ஒட்டிய பெட்டித் தகடுகளும்தான் அதன் முதுகெலும்பு. ஆகவே பாயைத் தூக்கச் சொன்னேன். ஸ்குரூ டிரைவரால் ஓட்டுநர் காலடியில் குத்தினேன், நின்றது. கதவுக்குக் கீழே குத்தினேன். கைப்பிடி வரை உள்ளே போனது. பின்பக்கம் பட்டை ஸ்பிரிங்கைத் தாங்கும் இடத்தைத் தொட்டதும் துரு செதில் செதிலாகக் கொட்டியது.

முன் சக்கரங்களையும் ஆட்டிப் பார்த்தோம். அங்கே மரையுள்ள ஒரு மூட்டு உண்டு. கிரீஸ் அடிக்காமல் ஓட்டினால் மரை தேய்ந்து, ஒருநாள் சக்கரம் மடங்கி வண்டி ரோட்டிலேயே உட்கார்ந்துவிடும். இந்த வண்டியில் இடப்பக்கம் நன்றாகவே ஆடியது.

பின்பு ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தோம். இருப்பதை எழுதாதே, இல்லாததை மட்டும் எழுது என்றேன். கியர் பெட்டி, ஆசனங்கள், ரேடியேட்டர், கண்ணாடி ரப்பர், ஒயர்கள், பிரேக் சாமான்கள் என்று இரண்டு பக்கம் நிறைந்தது. இங்கிலாந்தில் இன்றும் இதற்குப் புதுச் சாமான்கள் செய்து விற்கிறார்கள். கப்பல் கூலி நம் தலையில். வெல்டிங்கும் சாயமும் சேர்த்துத் தம்பியே கூட்டினார். வண்டி விலை நீங்கலாக 11,000 வெள்ளியைத் தாண்டியது. அவர் கையில் இருப்பது 9,000. அதுவும் எதற்காகச் சேர்த்தது தெரியுமா? தோட்டத்து நிலம் கைமாறுகிறது. லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். மலிவு விலை வீட்டுக்கு முன்பணம் அது.

"அப்படியென்ன ஆசை தம்பி?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "நான் பிறந்த ராத்திரி அம்மாவை இந்தக் காரில்தான் சார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. கூட்டிய கணக்கையெல்லாம் மூடி வைத்துவிட்டு வாங்கு என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

கிராண்ட் எங்கே என்று கேட்டபோது கதை மாறியது. வண்டி இன்னும் காலமானவர் பெயரில் இருக்கிறது. பிள்ளைகள் மூவர், விற்க நிற்பவர் ஒருவர்தான். சாலை வரி கட்டிப் பல ஆண்டுகள். வாசகர்களே, இந்த இடத்தில் மட்டும் தயவு தாட்சண்யம் பார்க்காதீர்கள். இறந்தவர் பெயரிலுள்ள வண்டியை ஒரு பிள்ளையின் வாய்ச்சொல்லை நம்பி வாங்கினால் நீங்கள் வாங்கியது பழைய இரும்பு. கிராண்டில் உள்ள எஞ்சின் எண்ணும் சேசி எண்ணும் வண்டியில் உள்ளதோடு ஒத்திருக்க வேண்டும். பணம் கொடுக்கும் முன்பே ஜே.பி.ஜே. அலுவலகத்துக்குப் போய், இந்த எண் இன்னும் உயிரோடு இருக்கிறதா, பெயர் மாற்ற என்னென்ன பத்திரம் வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். ஒருநாள் சம்பளம் போனாலும் போகட்டும்.

"வேறு ஆளும் கேட்கிறார்கள், 500 குறைத்துக்கொள்கிறேன்" என்றார் விற்பவர். தம்பி என்னைப் பார்த்தார். "கிராண்ட் உங்கள் பெயருக்கு வரட்டும் அண்ணே, அப்புறம் பேசுவோம்" என்று நான்தான் சொன்னேன். தம்பிக்கு என்மேல் கோபம், வழியெல்லாம் பேசவில்லை.

மாலையில் அவர் தாயாரைப் பார்த்தேன். "நீங்க என்னக்கா சொல்றீங்க?" என்றேன். "வீட்டுக்குக் கட்டிட்டு மிச்சம் இருந்தா அவன் இஷ்டம் சார். அவனுக்கு அந்த வண்டின்னா ஆசை. எனக்கு அந்த வண்டின்னா இடுப்பு வலிதான் ஞாபகம்" என்று சிரித்தார்.

முன்பணம் கட்டியாகிவிட்டது. விற்பவரின் அக்காவும் தம்பியும் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போன வாரம் கொட்டகைப் பக்கம் போனேன். கூரை ஒழுகும் இடத்தில், வண்டிக்கு நேர் மேலே, யாரோ புதிதாக ஒரு தகரம் போட்டு ஆணி அடித்திருந்தார்கள். யார் என்று நான் விசாரிக்கவில்லை.