யாருடைய விசுவாசத்தைச் சோதிப்பது?

மெய்யான விசுவாசி யார், பக்தி வேடம் போடுகிறவர் யார் என்று கிறிஸ்தவர்கள் ஓயாமல் விவாதிக்கிறார்கள். செங்கல்பட்டு வட்டாரத்தில் 130 ஆண்டுகளாக இந்தக் கேள்வி பெரும்பாலும் சேரியை நோக்கியே கேட்கப்பட்டிருக்கிறது. 1880களிலும் 90களிலும் இங்கே ஸ்காட்லாந்து சுயாதீனத் திருச்சபையின் ஆடம் ஆண்ட்ரூ பணியாற்றினார். அன்று இதே மாவட்டத்தில் இருந்த திருவள்ளூர்ப் பக்கத்தில் வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கௌடி இருந்தார். பண்ணையாட்கள் கூட்டமாக வந்து ஞானஸ்நானம் கேட்டார்கள். கூடவே குடிசை போட ஒரு துண்டு மனையும், வழக்கு வந்தால் துணை நிற்க ஆளும் கேட்டார்கள். சோற்றுக்காக மதம் மாறுகிறான் என்றார்கள் மிராசுதார்கள். மிஷனரிகளுக்குள்ளும் அதே சந்தேகம் இருந்தது. வந்தவனின் நோக்கம் ஆன்மீகமா, லௌகீகமா என்று துருவிப் பார்ப்பது எப்படி அவர்களுக்கு ஒரு பெரிய வேலையாகவே ஆனது என்பதை வரலாற்றாளர் ரூபா விஸ்வநாத் 2014இல் வெளியிட்ட ஆய்வு நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார்.

அந்தப் பண்ணையாளின் நிலை என்ன என்பதை அரசு ஆவணமே சொல்கிறது. 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் இம்மாவட்டத்துப் பறையர்களைப் பற்றி எழுதிய அறிக்கை, குடியிருக்கும் மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை என்பதைப் பதிவு செய்தது. மிராசுதார் முகம் சுளித்தால் குடும்பத்தோடு வெளியேற வேண்டியதுதான். அந்த அறிக்கையின் தொடர்ச்சியாக 1892இல் பிறந்த அரசாணைதான் இன்று நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வதற்கு அடிப்படை. மறைமலை நகர்ப் பக்கத்து மெல்ரோசாபுரம், ஆண்ட்ரூ அந்தக் காலத்தில் உருவாக்கிய குடியேற்றம். குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாத நிலையில் ஒருவன் மிராசுதாரின் கண்ணெதிரே ஞானஸ்நானம் பெற்றால் குடிசையும் கூலியும் ஒரே நாளில் போகக்கூடும். இழக்கத் துணிந்து வந்தவனிடம்தான் உன் பக்தி உண்மையா என்று கேட்டார்கள். நிலம் கேட்டதாலேயே அவன் விசுவாசம் போலியாகிவிடாது. பசியும் ஜெபமும் ஒரே உடம்பில்தான் இருக்கின்றன. தினசரி ஆகாரத்துக்காக வேண்டிக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தவர் இயேசுவேதான்.

மறுபக்கத்தைப் பார்ப்போம். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது என்று உத்தரவிட்டார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் சாதிக் கிறிஸ்தவர்கள் பலர் ஆலயத்தை விட்டே வெளியேறினார்கள். வேதநாயகம் சாஸ்திரியார் போன்ற பெரும்புலவரே அந்தக் காலத்தில் சாதி வழக்கங்களுக்காக வாதாடி எழுதினார். அவர்கள் சொன்ன காரணம் கவனிக்க வேண்டியது: சாதி உலக வழக்கம், வெளி ஆசாரம், விசுவாசமோ உள்ளத்துக்குரியது, ஆகவே ஒன்றை வைத்து மற்றதை அளக்கக் கூடாது என்றார்கள். லைப்சிக் மிஷனும் ஏறத்தாழ இந்த நிலையைத்தான் எடுத்தது. அகம், புறம் என்று பிரித்துப் பேசுவது எப்போதும் வேஷதாரியை அம்பலப்படுத்துவதில்லை, பல நேரம் அவனுக்கு ஒளிந்துகொள்ள இடம் தருகிறது. என் மனம் கர்த்தருக்கு, என் பந்தி என் சாதிக்கு என்று சொன்னவரின் பக்தியை எவரும் துருவவில்லை. 1850இல் சென்னை மிஷனரி மாநாடு வேறொரு சோதனையை வைத்தது. கீழ் என்று ஒதுக்கப்பட்டவர் சமைத்ததை உண்ணச் சம்மதிக்காதவரைச் சபை ஏற்க வேண்டாம் என்பது அதன் சாரம். அதைச் சிலர் கடுமை என்றார்கள். நேர்மையான ஒரே சோதனை அதுதான் என்பது என் கருத்து, ஏனென்றால் விலை கொடுக்க வேண்டியவரிடமே அது விலையைக் கேட்டது.

இதெல்லாம் பழைய கதை என்று தள்ள முடியாது. தமிழ்நாட்டின் பல பங்குகளில் கல்லறைத் தோட்டம் இன்னும் இரண்டாகத்தான் இருக்கிறது. திருவிழாத் தேர் எந்தத் தெருவோடு திரும்பிவிடும் என்பது ஊருக்கே தெரியும். அன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப்பங்கு கேட்டதைத் தொடர்ந்து 2008 மார்ச் மாதம் கலவரம் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இருவர் இறந்தார்கள். இரு தரப்பாரும் ஒரே மாதாவின் கோயிலில் ஜெபமாலை சொன்னவர்கள். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. நாட்டின் 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்றும், சபைக்குள் தீண்டாமை இருப்பது உண்மை என்றும் அது ஒப்புக்கொண்டது. அதற்குப் பொறுப்பான பிரிவின் தலைவராக அப்போது இருந்தவர், 2002இல் உருவான செங்கல்பட்டு மறைமாவட்டத்தின் முதல் ஆயர் நீதிநாதன். ஆகவே இந்த மாவட்டத்துக்கு இந்த விஷயம் தூரத்துச் செய்தி அல்ல.

அப்படியானால் தேரும் கொடியேற்றமும் வெறும் வேஷமா என்று கேட்பார்கள். இல்லை. அச்சிறுபாக்கம் மழை மலை மாதாவிடம் நடந்தே போகிறவரையும், 1808இல் எழுந்த கோவளம் கார்மேல் மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டுக் கடலுக்குப் போகிற மீனவரையும் பார்த்து, இது வெளிச்சடங்கு என்று சொல்வதற்கு எவருக்கும் உரிமையில்லை. அவர்களுக்குச் சடங்கு கைப்பிடி. சடங்கைக் குறைத்து உள்ளத்தைப் பெருக்கு என்ற உபதேசம் படித்தவர்களின் வசதிக்கு ஏற்றது. பிரசங்கமும் கிட்டாரும் மட்டுமே உள்ள எளிமையான ஜெபக்கூடத்திலும் பகட்டு குடியேற முடியும். உள்ளத்தை அறிந்தவர் கடவுள் ஒருவரே, நீ யார் தீர்ப்பிட என்று இன்னொரு கேள்வி வரும். சரிதான். உள்ளம் தெரியாது என்பதாலேயே, தெரிகிறதைப் பார்க்கச் சொல்கிறேன். பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இடமும் கந்தைக்காரனுக்குக் காலடியும் காட்டுகிற சபையைப் பற்றி யாக்கோபு எழுதியபோது அவரும் எவர் இருதயத்தையும் திறந்து பார்க்கவில்லை, உட்காரும் இடத்தைத்தான் பார்த்தார்.

நிலம், மனை, சுடுகாடு எல்லாம் சமூக சேவை, அதை விசுவாசத்தோடு குழப்பாதீர்கள் என்போரும் உண்டு. செங்கல்பட்டு திருமணியில் மிஷன் நடத்திய தொழுநோய் மருத்துவமனையை, 1955இல் மத்திய அரசு ஏற்றுக்கொண்டு ஆராய்ச்சி நிலையமாக்கியது. புண்ணைக் கழுவிய அந்தக் கைகளை லௌகீகம் என்று யாரும் சொன்னதில்லை. மருந்து கொடுத்தால் அன்பு, பட்டா வாங்கிக் கொடுத்தால் ஆசை காட்டுதலா? மாமல்லபுரத்துக்கு அருகே இருக்கும் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடிய ஜான் தாமஸும் ஏழுமலையும் 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் கொல்லப்பட்டார்கள். ஆண்ட்ரூவின் காலத்தில் தொடங்கிய அதே நிலப் பிரச்சினைதான் அது.

கடைசி ஆட்சேபம்தான் எனக்குக் கனமானது. சிறுபான்மையினர் நெருக்கடியில் இருக்கும்போது வீட்டுக் குறையை வெளியில் சொன்னால் எதிரிக்கு ஆயுதமாகாதா? அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. 2002இல் தமிழக அரசு கொண்டுவந்து 2004இல் விலக்கிக்கொண்ட மதமாற்றத் தடைச் சட்டமும், ஆசை காட்டி மாற்றினார்களா என்று ஏழையின் விசுவாசத்தையே சந்தேகித்தது. ஆனால் 1950 குடியரசுத் தலைவர் ஆணையை மாற்றித் தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியில் சேர்க்கக் கேட்பது திருச்சபைகளேதான். சென்னையில் செருப்புத் தைத்த சூசை என்பவரின் வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம், மதம் மாறிய பின்னும் அதே கடுமையோடு இழிவு தொடர்கிறது என்பதற்குச் சான்று போதவில்லை என்று மனுவைத் தள்ளியது. அந்தச் சான்று நம் கல்லறைச் சுவர்களில்தான் இருந்தது. டெல்லியில் சாதி உண்டு என்று மனு எழுதிவிட்டு, பங்கில் எல்லாரும் சகோதரர் என்று பிரசங்கிக்க முடியாது. காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற மலைப்பிரசங்கக் கட்டளைக்கு இங்கே நடைமுறை அர்த்தம் உண்டு. இரண்டு கல்லறைத் தோட்டம் உள்ள பங்கில், சேரித் தெருவுக்குத் தேர் போகாத பங்கில், அது சரியாகும்வரை அடுத்த திருவிழாவுக்குக் கொடியேற்ற மாட்டோம் என்று ஆயர்களும் சி.எஸ்.ஐ. பேராயர்களும் ஊர் ஊராகப் பட்டியலிட்டு அறிவிக்க வேண்டும்.